திருடு போய்க் கிடைத்த யமஹா ஒய்15 மோட்டார் சைக்கிள், விலை 3,200 மலேசிய வெள்ளி. வாங்கலாமா?

பிறைக்காரன்:
வணக்கம் அண்ணன்மார்களே. வீடு பினாங்கு பெருநிலத்தில் பிறையில், வேலை தீவில் பாயான் லெப்பாசில். ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால் பெர்ரி சரிப்படாது, தினமும் பாலம்தான். 2019லிருந்து மோட்டாருக்கு டோல் இல்லாததால் சமாளிக்கிறேன். என் பழைய ஹோண்டா வேவ் மோட்டார் இப்போது பாலத்து ஏற்றத்தில் புகை விட்டு முனகுகிறது.

பட்டர்வொர்த்தில் ஒருவர் 2018 ஒய்15 விற்கிறார். நான் தேடிய வரையில் அந்த வருஷத்து வண்டி 5,000க்குக் கீழே கிடைக்கவில்லை. இவர் 3,200 சொல்கிறார். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். வண்டி திருடு போனதாம். காப்புறுதி நிறுவனம் பழைய உரிமையாளருக்கு முழுப் பணம் கொடுத்து முடித்த பிறகு, முன்பக்கம் அடிபட்ட நிலையில் கிடைத்ததாம். ஏலத்தில் எடுத்துச் சரிசெய்தோம் என்கிறார். அவரே சொன்னதால் நேர்மையானவர் போலத் தோன்றியது.

ஆனால் கிரான்ட்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) இருப்பது வேறு பெயர். "நண்பர் பெயர்" என்கிறார். சாவியும் ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் 500 வெள்ளி முன்பணம் கேட்கிறார். அம்மா கூட்டு (சீட்டு) எடுத்துத் தரும் பணம் இது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சோங்_தொக்கோங்:
கிரான்ட்டில் வேறு பெயர் என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். பேங்க் கடன் முடியாத வண்டியாகவும் இருக்கலாம். கிரான்ட்டில் பேங்க் உரிமை கோரியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சம்போங் பாயார் என்று யாராவது சொன்னால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். அப்படியென்றால் மாதாமாதம் கடன் கட்டுவது நீங்கள், வண்டி இன்னொருவர் பெயரில்.

மெர்தாஜாம்_எல்சி:
தம்பி, என் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016இல் நான் ஒரு எல்சி135 வாங்கினேன். அடிபட்டு, காப்புறுதியில் "டோட்டல் லாஸ்" ஆகி, சரிசெய்த வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். உங்களுக்குத் தோன்றியது போலவே எனக்கும் தோன்றியது: குறையைச் சொல்லி விற்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று. கிரான்ட் அசல். எண்களும் ஒத்துப்போயின. பெயர் மாற்றம்கூட நடந்தது. ஏழு மாதம் ஓட்டினேன்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு ரோட் புளோக்கில் போலீஸ்காரர் குனிந்து ஃபிரேம் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். கடைசி நான்கு எண்கள் ஆழம் குறைவாகவும் கொஞ்சம் சாய்ந்தும் இருந்தன. அதைச் சுற்றி மட்டும் பெயிண்ட் புதுசு. பழைய எண்ணை அரைத்துவிட்டு மேலே புது எண் குத்தியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். நொறுங்கிப்போன வண்டியின் கிரான்ட்டை யாரோ கொஞ்சக் காசுக்கு வாங்கியிருக்கிறார். அந்தக் கிரான்ட்டுக்கு ஒரு உடம்பு வேண்டும். அதே மாடலில் ஒன்றைத் திருடி, செத்த வண்டியின் எண்ணை உயிருள்ள வண்டியில் குத்திவிட்டார்கள். "அடிபட்டுச் செய்த வண்டி" என்று சொன்னதற்குக் காரணமும் அதுதான். புதுப் பெயிண்ட், மாற்றிய கவர், ஒற்றைச் சாவி எதையும் நான் சந்தேகிக்காமல் இருக்க அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

வண்டி போனது. என்னை இரண்டு நாள் விசாரித்தார்கள். தண்டனைச் சட்டம் 411 என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்: திருட்டுப் பொருளை, திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பது. எனக்குத் தெரியாது என்று காட்ட, விற்றவருக்குப் பணம் அனுப்பிய பேங்க் ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் கைகொடுத்தன. காசு கொடுத்தேனே, வண்டி எனக்கில்லையா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, தனக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்றால் வாங்கியவருக்கும் அது சொந்தமாகாது என்றார்.

போலீஸ் நிலையத்தில் அந்த வண்டியின் உண்மையான சொந்தக்காரரைப் பார்த்தேன். தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்யும் ஒரு அக்கா. மகனுக்கு வாங்கிக் கொடுத்த வண்டி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்ததால் திருட்டுக்கு ஒரு காசு வரவில்லை. வண்டி இல்லாமலே கடன் கட்டி வந்திருக்கிறார். என் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்லா வச்சிருந்தியே தம்பி" என்றார். அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். திருடு போய்க் கிடைத்த வண்டி எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். பணம் கொடுத்து முடித்த பிறகு கிடைத்தால் அது காப்புறுதி நிறுவனத்துக்குச் சொந்தம். அவர்கள் முறையாக விற்றிருந்தால் அதற்குக் கடிதம் இருக்கும், திருட்டுப் புகாரின் நகல் இருக்கும், போலீஸ் விடுவித்த தாளும் இருக்கும். அதையெல்லாம் கேளுங்கள். வாயால் சொல்வது போதாது.

ஜெலுத்தோங்_பட்டறை:
அண்ணன் சொன்னது சரி. பட்டறைக்காரனாக இன்னும் கொஞ்சம்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கவர் கழற்ற விடமாட்டேன் என்றால் திரும்பிவிடுங்கள். எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் இரண்டும் கிரான்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிந்திருக்க வேண்டும். ஒரே சாவி ஹேண்டில் பூட்டையும் சீட்டையும் திறக்கிறதா பாருங்கள். திறக்காவிட்டால் பூட்டை யாரோ உடைத்து மாற்றியிருக்கிறார்கள். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் அதை அவர் விளக்க வேண்டும்.

திருட்டு இல்லை என்று உறுதியானாலும் அடி இருக்கிறது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினால் முட்டி நிற்கும் இடம் நசுங்கியிருக்கிறதா, கழுத்துப் பக்கம் புது வெல்டிங் உண்டா, ஃபோர்க் தண்டு நேரா என்று பார்க்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது வளைந்த ஃபிரேமோடு போவது உயிரோடு விளையாடுவது. என் கடைக்கு வந்த ஒரு வண்டியில் கழுத்து வெல்டிங்குக்கு மேலே புட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நான் அதைச் செய்ய மறுத்து அனுப்பிவிட்டேன்.

பிறைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. எல்சி அண்ணே, அந்த அக்கா கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்று காலை விற்பவருக்குப் போன் செய்தேன். கிரான்ட்டில் பெயர் உள்ளவரும் நானும் செபராங் ஜெயா ஜேபிஜேக்கு மைகாட் அடையாள அட்டையோடு ஒன்றாகப் போவோம், பெயர் மாற்றத்துக்குக் கைரேகை வைத்ததும் முழுப் பணத்தையும் அங்கேயே பேங்கில் அனுப்புகிறேன், முன்பணம் கிடையாது என்றேன். காப்புறுதி விற்பனைக் கடிதத்தையும் கேட்டேன். நண்பர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், வர முடியாது என்றார். அவர் லீவில் வரும்வரை காத்திருக்கிறேன் என்றேன். "வேற ஆள் இருக்கு" என்று வைத்துவிட்டார். மத்தியானம் பார்த்தால் அதே படங்களோடு விளம்பரம் 2,900க்குப் போட்டிருக்கிறார். பிளேட் எண்ணை மறைத்திருக்கிறார்.

ஜெலுத்தோங் அண்ணே, என் வேவை உங்களிடம் கொண்டுவந்தால் எஞ்சின் இறக்கிச் செய்ய எவ்வளவு ஆகும்?

ஜெலுத்தோங்_பட்டறை:
திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் தம்பி. புகை வெள்ளையா, நீலமா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருகிறதா, ஓடும்போதும் வருகிறதா? அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்த விளம்பரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள்.