1893 நெருக்கடி: அமெரிக்கக் கருவூலத்தின் தங்கம் ஏன் வடிந்துகொண்டே இருந்தது?

இளமாறன்:
1893 நிதி நெருக்கடிக்கு, மாதந்தோறும் அரசை வெள்ளி வாங்க வைத்த ஷெர்மன் வெள்ளிக் கொள்முதல் சட்டம்தான் காரணம் என்று பல இடங்களில் படிக்கிறேன். அப்படியானால் 1893 நவம்பர் 1-ல் அந்தக் கொள்முதலை நிறுத்தியதோடு தங்கம் வெளியேறுவதும் நின்றிருக்க வேண்டும். ஆனால் 1894, 1895, 1896 என்று அரசு தங்கத்துக்காகக் கடன் பத்திரம் விற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தங்கம் எந்த வழியாக வெளியே போனது? அதே சமயத்தில் ரயில்வே நிறுவனங்கள் வரிசையாகத் திவாலானதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? படிப்படியாக யாராவது விளக்கினால் நல்லது.

நாணயக்கதிர்:
உங்கள் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. வெள்ளிச் சட்டம் ஓட்டையைப் பெரிதாக்கியது, அவ்வளவுதான். ஓட்டை விழுந்தது 1878-ல்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் அச்சடித்த கிரீன்பேக் நோட்டுகள் 34.67 கோடி டாலர் அளவுக்குப் புழக்கத்தில் இருந்தன. 1879 ஜனவரி 1 முதல் அவற்றை நீட்டியவருக்குக் கருவூலம் தங்க நாணயம் கொடுத்தாக வேண்டும். ஆனால் 1878 மே மாதச் சட்டமோ, திரும்பி வந்த நோட்டை அழிக்காமல் மறுபடி செலவுக்கு விட வேண்டும் என்றது. ஆக, ஒரே நோட்டைக் கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் தங்கம் எடுக்கலாம். "முடிவில்லாச் சங்கிலி" என்று அன்று எல்லோரும் பேசியது இதைத்தான்.

1890 ஜூலையில் ஷெர்மன் சட்டம் வந்தது. கருவூலம் மாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்க வேண்டும், விலையைப் புதிய கருவூல நோட்டாகத் தர வேண்டும். கொள்முதல் நிற்பதற்குள் ஏறக்குறைய 15.6 கோடி டாலர் நோட்டு இப்படி வெளியேறிவிட்டது. கிரீன்பேக்கோடு சேர்த்தால் சுமார் 50 கோடி. இதற்கு ஈடாகப் பெட்டியில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தங்கம் என்று எல்லோரும் கருதியது 10 கோடி டாலர்.

எடுக்கும் முறை எளிது. லண்டனில் பணம் செலுத்த வேண்டியவர் முதலில் பவுண்டு உண்டியலின், அதாவது லண்டனில் பவுண்டாகப் பணம் பெற உதவும் பத்திரத்தின், விலையைப் பார்ப்பார். தங்க அளவின்படி ஒரு பவுண்டு 4.8665 டாலர். சந்தையில் அது 4.89-ஐ ஒட்டி ஏறிவிட்டால், கப்பல் கூலி, காப்பீடு, வழியில் இழக்கும் வட்டி எல்லாம் போக, உண்டியல் வாங்குவதைவிடத் தங்கத்தை அனுப்புவதே மலிவு. உடனே நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் இருந்த துணைக் கருவூலத்தில் நோட்டைக் கொடுத்துத் தங்க நாணயம் வாங்கி, அடுத்த நீராவிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

வரவுப் பக்கமும் வற்றியது. முன்பு சுங்க வரியில் பெரும்பங்கு தங்கமாக வந்தது. பயம் வந்தபின் வணிகர்கள் தங்கத்தை வைத்துக்கொண்டு நோட்டைக் கட்டினார்கள். அதற்கு மேல் பட்ஜெட் பற்றாக்குறை வேறு, 1894 நிதியாண்டில் மட்டும் 6 கோடி டாலருக்கு மேல். செலவுக்குப் பணமில்லாத கருவூலம் திரும்பி வந்த நோட்டை அலமாரியில் பூட்டி வைக்க முடியாது. செலவழித்தது, நோட்டு மறுபடி தங்கம் கேட்டு வந்தது. 1893 நவம்பருக்குப் பிறகும் வடிந்ததற்குக் காரணம் இதுதான்.

இளமாறன்:
நன்றி. ஒரு துணைக் கேள்வி. 1890 நோட்டுக்குத் தங்கமோ வெள்ளியோ, எதை வேண்டுமானாலும் தரலாம் என்றுதானே சட்டம்? பெட்டகம் நிறைய வெள்ளி இருந்தபோது ஏன் அதைக் கொடுக்கவில்லை?

நாணயக்கதிர்:
தேர்ந்தெடுக்கும் உரிமை நிதிச் செயலரிடம் இருந்தது. ஆனால் இரு உலோகங்களையும் சம மதிப்பில் வைத்திருப்பதே நாட்டின் கொள்கை என்று அதே பிரிவு சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி டாலரில் 371.25 கிரெயின் தூய வெள்ளி, அதாவது ஒரு அவுன்ஸில் சுமார் 0.773 பங்கு. அவுன்ஸ் 1.29 டாலர் விற்றால்தான் அது முழு ஒரு டாலர். 1893 ஜூன் 26-ல் இந்திய நாணயச்சாலைகள் தனியாருக்கு வெள்ளி அடித்துத் தருவதை நிறுத்தின. உலகின் மிகப் பெரிய வெள்ளிச் சந்தைகளுள் ஒன்று அடைபட்டதால், 80 சென்டுக்கு மேல் இருந்த விலை சில நாட்களில் 70-க்கும் கீழே போனது. 65 சென்ட் என்றால் டாலரில் இருக்கும் வெள்ளி 50 சென்ட்தான். ஒரே ஒருமுறை வெள்ளியைக் கொடுத்திருந்தாலும் எல்லா நோட்டும் அந்த விலைக்குச் சரிந்திருக்கும்.

தண்டவாளம்:
ரயில்வே கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அது தனி நோய். ஆனால் தங்கப் பயம்தான் அதை முற்றவைத்தது.

1880-ல் சுமார் 93,000 மைலாக இருந்த பாதை, பத்தே ஆண்டில் 1,60,000 மைலைத் தாண்டியது. பெரும்பாலும் கடன் பத்திரப் பணம், அதில் ஐரோப்பியப் பங்கு கணிசம். சரக்கு குறைந்தால் கூலியைக் குறைக்கலாம், வண்டியைக் குறைக்கலாம். வட்டியைக் குறைக்க முடியாது. இரண்டு மூன்று கம்பெனிகள் அதே இரு நகரங்களுக்கு இடையே பாதை போட்டுக் கட்டணத்தை வெட்டிக்கொண்டன. சரக்கைப் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாடுகளையும் 1887-ன் மாநிலங்களுக்கிடை வணிகச் சட்டம் தடை செய்துவிட்டது. 1890 நவம்பரில் லண்டனில் பேரிங் வங்கி தள்ளாடியதும் ஐரோப்பியர்கள் அமெரிக்கப் பத்திரங்களை விற்றார்கள். நீண்ட காலக் கடன் கிடைக்காமல் கம்பெனிகள் சில மாதத் தவணைக் கடனில் ஓட்டின. உண்மையில் கொன்றது இதுதான்.

பிலடெல்பியா அண்ட் ரீடிங் ரயில்வேயைப் பாருங்கள். நிலக்கரிப் பாதைகள் எல்லாவற்றையும் பிடிக்கும் முயற்சியில் 1892-ல் லீஹை வேலி போன்ற பாதைகளைக் குத்தகைக்கு எடுத்தது, நியூ இங்கிலாந்து ரயில்வேப் பங்குகளில் கை வைத்தது. 1893 பிப்ரவரியில் குறுங்கடனைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் நீதிமன்றக் காப்பாளர் (திவாலான கம்பெனியை நடத்த நீதிமன்றம் நியமிப்பவர்) கைக்குப் போனது. ஈரி ஜூலையில், நார்தர்ன் பசிபிக் ஆகஸ்டில், யூனியன் பசிபிக் அக்டோபரில், சான்டா ஃபே டிசம்பரில். நாட்டின் மொத்தப் பாதையில் ஏறத்தாழ கால் பங்கு இப்படிக் காப்பாளர்களிடம் சேர்ந்தது.

மேகலை:
இரண்டையும் இணைத்தது வங்கிகள். தேசிய வங்கிச் சட்டப்படி ஒரு கிராமப்புற வங்கி 100 டாலர் வைப்புக்கு 15 டாலர் இருப்பு வைக்க வேண்டும். அதில் 9 டாலரைப் பெருநகர வங்கியில் போட்டு வைக்கலாம், கையில் 6 போதும். அந்த 9 நியூயார்க்கில் இருந்தால், அந்த வங்கி 25 சதவீதம், அதாவது 2.25 மட்டும் ரொக்கமாக வைத்து மீதியை, பெரும்பாலும் பங்குச் சந்தைத் தரகர்களுக்கு, கேட்டால் திருப்பித் தரும் கடனாகக் கொடுக்கும். 1893 கோடையில் மேற்கிலும் தெற்கிலும் இருந்த வங்கிகள் ஒரே நேரத்தில் அந்த 9-ஐக் கேட்டன. கடனைத் திருப்பிக் கேட்டால் பங்குகள் விழும். விழுந்தால் ஈடு போதாமல் கடனே வராது.

ஜூனிலேயே நியூயார்க் காசோலைத் தீர்வகம், வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ள, அவை அடகு வைத்த ஈட்டின் மதிப்பில் 75 சதவீதம் வரை 6 சதவீத வட்டிச் சான்றிதழ்கள் தந்தது. அது ரொக்கத்தை மிச்சப்படுத்தியதே தவிரப் புதிதாக உண்டாக்கவில்லை. ஆகஸ்டில் வங்கிகள் ரொக்கம் தர மறுத்தபோது, மக்கள் காசோலைத் தொகைக்கு மேல் கூடுதல் விலை கொடுத்து நோட்டு வாங்கினார்கள். கூலி கொடுக்கவே பணம் கிடைக்காமல் ஆலைகள் மூடின.

நாணயக்கதிர்:
கடைசியாகப் பத்திர விற்பனை. 1894-ன் இரு விற்பனைகளும் தலா 5 கோடி டாலர். பயன் குறைவு, ஏனென்றால் வாங்கியவர்களில் பலர் கருவூலத்திலேயே நோட்டைக் கொடுத்துத் தங்கம் எடுத்து, அதையே பத்திரத்துக்குக் கட்டினார்கள்.

1895 பிப்ரவரி ஒப்பந்தம் மாறுபட்டது இந்த இடத்தில்தான். நியூயார்க் வங்கியாளர் மார்கனும், ஐரோப்பாவின் ராத்ஸ்சைல்டு வங்கிக் குடும்பத்தின் பிரதிநிதியான பெல்மாண்டும் 35 லட்சம் அவுன்ஸ் தங்கம் தர ஒப்புக்கொண்டார்கள், குறைந்தது பாதி ஐரோப்பாவிலிருந்து. அதோடு கருவூலத் தங்கத்தை யாரும் எடுக்காமல் பாதுகாக்கவும் வேண்டும். லண்டனில் கடன் வசதி வைத்துக்கொண்டு நியூயார்க்கில் பவுண்டு உண்டியல்களை விற்று, விலையை அந்த 4.89-க்குக் கீழே பிடித்து வைத்தார்கள். 100 டாலர் முகமதிப்புக்கு 104.5 என்று வாங்கிய பத்திரத்தை 112.25-க்கு விற்றதால் மக்கள் கொதித்தது நியாயமே. ஆனால் வேலை சில மாதம் நடந்தது. பிறகு பிடி தளர்ந்து, 1896 ஜனவரியில் 10 கோடி டாலருக்குப் பொது விற்பனை அறிவிக்க வேண்டியதாயிற்று.

1878-ன் ஓட்டை சட்டப்படி அடைபட்டது 1900 மார்ச்சில். தங்க நாணயச் சட்டம் 15 கோடி டாலரைத் தனி இருப்பாகப் பிரித்து வைத்தது. தங்கத்துக்கு மாற்றிய நோட்டை அதன்பின் பற்றாக்குறைச் செலவுக்கு எடுக்க முடியாது.