புதுப்பிப்பு: கேஸ் ஷீட் நகல் கிடைத்துவிட்டது

என் பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொடுத்து, சிகிச்சையின் முழு விவரமும் பதிவாகியிருக்கும் கேஸ் ஷீட்டின் நகலைத் தர மறுத்த தனியார் மருத்துவமனையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்னும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி 1.3.2-ஐக் குறிப்பிட்டு, மருத்துவக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்து, என்னிடமிருந்த பிரதியில் தேதியுடன் முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொண்டேன். காரியத்தைச் சாதித்தது அந்த முத்திரைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கேஸ் ஷீட்டிலுள்ள மயக்க மருந்துக் குறிப்பில், எந்த மருந்து செலுத்தியபோது என் இரத்த அழுத்தம் சட்டென இறங்கியது என்பது நேரத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இனி எனக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகும் எந்த மருத்துவருக்கும் அது தெரிந்தே ஆக வேண்டும். உள்நோயாளிப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருப்பதையே அதே விதிமுறைகள் கட்டாயமாக்குகின்றன என்பதால், தேவைப்படுவோர் காலம் தாழ்த்தாமல் எழுத்து மூலம் கேளுங்கள்.