கலைச்சொல் விவாதம்: கல்படுக்கைச் சைபனுக்கு 'இழுவடி'

மீன் தொட்டி நீரைப் பம்பால் சல்லிக்கல் படுக்கைக்கு ஏற்றிச் செடி வளர்க்கும் முறையில் (அக்குவாபோனிக்ஸ்), படுக்கை நிரம்பியதும் நீரைத் தானே இழுத்துத் தொட்டிக்கு வடித்துவிடும் குழாய் அமைப்புதான் இந்தச் சைபன். ஆங்கிலத்தில் bell siphon.

> உலகமெங்கும் 'மணி' என்கிறார்கள். நாமும் 'மணி வடிகுழாய்' என்று வைத்தால் என்ன?

ஐயா, வணக்கம். மணி என்பது உருவத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. உருவமும் பொருந்தாது. கொழும்புப் பழைய சோனகத் தெருவில் வாங்கிவருவது இரண்டரை அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றும் அதன் வாயை மூட ஓர் எண்ட் கெப்பும்தான். 'வடிகுழாய்' மருத்துவத்தில் சிறுநீர் வடிக்கும் குழாய்க்கும் வழங்குவதால் அதையும் தவிர்ப்பது நல்லது.

> குமிழித்தூம்பு என்ற பழஞ்சொல் இருக்கிறதே?

அழகான சொல். ஆனால் ஏரிநீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பில் அடைப்பை ஓர் ஆள் மேலே தூக்கினால்தான் நீர் போகும். நம் ஊர்க் குளத்து மதகான துருசும் அப்படியே. இங்கே திறக்க ஆளில்லை. மட்டம் ஏறியதும் தானே இழுத்து, இறங்கியதும் தானே நிற்கிறது.

ஆகவே 'இழுவடி' என்று முன்மொழிகிறேன். கல்படுக்கை ஒழுங்காக வேலை செய்யாதபோது என்ன பிழை என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல இந்தச் சொல் உதவுகிறது: ஒன்றில் இழுப்புப் பிடிக்கவில்லை (நிரம்பியும் இழுக்கத் தொடங்கவில்லை), அல்லது இழுப்பு அறவில்லை (வடிந்தும் இழுப்பது நிற்கவில்லை). இழுவடியின் கோளாறுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் வந்து நிற்கும்.

பாகங்களின் பெயர்கள்: நடுவில் நிற்கும் ஓரங்குலக் குழாய் நிலைக்குழாய், அதன் மேல் கவிழ்க்கும், தலை மூடி அடியில் நீர் புக வெட்டுகள் விட்ட குழாய் கவிகுவளை, சல்லி உள்ளே விழாமல் சுற்றி வைக்கும் துளையிட்ட நாலங்குலக் குழாய் கல்தடுப்பு.

ஒரு மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் சல்லி என்று எடுத்துக்கொள்வோம். நிலைக்குழாய் 25 சென்ரிமீற்றர்; மேல் 5 சென்ரிமீற்றர் உலர்ந்திருந்தால்தான் பாசி பிடிக்காது, தண்டும் அழுகாது. அந்த உயரத்தில் கல்லும் நீருமாக 125 லீற்றர். முக்கால் அங்குலச் சல்லியில் இடைவெளி ஏறக்குறைய 40 சதவீதம், ஆகவே நீர் மட்டும் 50 லீற்றர். 10 நிமிடத்தில் நிரம்ப மணிக்கு 300 லீற்றர் வர வேண்டும். 3 நிமிடத்தில் வடிய மணிக்கு 1,000 லீற்றர் போதும் என்று கணக்குப் போடுவது தவறு. வடியும்போதும் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கும், எனவே 1,300 வெளியேற வேண்டும். பம்ப் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், நீர் விழும் இடத்தில் ஒரு பக்கெட்டைப் பிடித்து நேரம் பாருங்கள். உயரம் கூடக்கூட வரத்துக் குறையும்.

இழுப்புப் பிடிக்காதபோது நீர் நிலைக்குழாயின் உட்சுவரோடு மெல்லிய படலமாக வழிந்து போய்விடும். குவளைக்குள் இருக்கும் காற்று வெளியேறாது. படுக்கை நிரம்பியபடியே கிடக்கும், வேருக்கு ஒட்சிசன் போகாது. குளம் நிரம்பி மேலதிக நீர் வழிந்தோடும்போது வான் பாய்கிறது என்கிறோமே, அந்த நிலைதான் இது. 'வான் பாய்தல்' என்றே இதற்கும் பெயர் வைக்கலாம். நிலைக்குழாயின் தலையில் ஒன்றரைக்கு ஒன்று ரெடியூசர் சொக்கெட்டைப் புனல் போலப் பொருத்துங்கள், கீழே வெளியேறும் இடத்தில் ஓர் எல்போ (முழங்கை வளைவு) போடுங்கள். எல்போவில் நீர் சற்றுத் தேங்கிக் குழாயை நிறைக்கும், இழுப்புப் பிடிக்கும். அப்போதும் பிடிக்காவிட்டால் எண்ட் கெப்பில் காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள்.

இழுப்பு அறாதபோது அடியில் கொரகொரவென்ற சத்தம் ஓயாது. வரத்தும் வடிவும் சமமாகிவிட்டன என்று அர்த்தம். படுக்கையின் அடி மட்டும் நனையும், மேல்வேர் காயும். பம்பிலிருந்து வரும் குழாயின் வால்வைச் சிறிது அடைத்துப் பாருங்கள். அதற்கும் அறாவிட்டால் கெப்பில் துளையிட்டு 6 மில்லிமீற்றர் குழலொன்றை வெளிப்புறமாக இறக்கி, அதன் வாயை குவளையின் அடிவெட்டுகளுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். மட்டம் அந்த வாய்க்குக் கீழே இறங்கியதும் காற்றுப் புகுந்து இழுப்பை அறுக்கும். 'அறுகுழல்' என்ற பெயர் இதற்குச் சரியாக வரும்.

வெள்ளவத்தையிலிருந்து

---

'இழுவடி'யை ஏற்கிறேன். இழுப்பு என்றால் சிலருக்கு மூச்சிழுப்பு நினைவுக்கு வரும், ஆனால் படுக்கையருகே நின்று பேசும்போது அந்தக் குழப்பம் வராது. இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது, படுக்கையில் வளர்க்கும் கங்குன் கீரை. அதன் வேர் கல்தடுப்பின் துளை வழியே நுழைந்து குவளையின் அடிவெட்டை அடைத்துவிடும். நேற்றுவரை ஒழுங்காக அறுந்த இழுப்பு இன்று அறாமல் நின்றால் வால்வைத் திருகுமுன் குவளையைக் கழற்றி வேரைப் பாருங்கள். கவிகுவளையை ஒட்டி மூடிவிடாமல் கையால் தூக்கக்கூடியதாக வைப்பது இதற்காகத்தான். சல்லி கருங்கல்லாக இருக்கட்டும். முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். சந்தேகமென்றால் வினாகிரி விட்டுப் பார்க்கலாம், நுரைத்தால் வேண்டாம்.

இரண்டாவது, மின்வெட்டு. படுக்கை முக்கால்வாசி நிரம்பிய நேரத்தில் பம்ப் நின்றால் அந்த நீர் அப்படியே தேங்கும், மீன் தொட்டியில் மட்டம் குறைந்தே கிடக்கும். நிலைக்குழாயின் அடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மெல்ல வடிந்துவிடும். 5 மில்லிமீற்றர் போட்டால் மணிக்கு 90 லீற்றர் வரை வீணாக ஓடி, நிரம்புவதே தாமதமாகும். சிறிய துளை என்பதால் கழிவு படிந்து அடைபடும், வாரம் ஒருமுறை கம்பியால் குத்திவிட வேண்டும்.

இந்தத் துளைக்கு 'கசிதுளை' என்று எழுதி வைத்திருக்கிறேன். மேலான சொல் இருந்தால் தாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து