கடலை மாவு தோஹு இறுகவே மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

தாம்வே_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு பேஜோ, வடை என்று எண்ணெயில் பொரித்ததையே கொடுக்காமல், ஷான் தோஹு (கடலை மாவைக் கிண்டி இறுக வைக்கும் பர்மியப் பண்டம்) வீட்டில் கிண்டிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் இரண்டு தடவையும் சரிப்படவில்லை.

கடலை மாவு 1 கப், தண்ணீர் 3 கப், உப்பு முக்கால் டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். தண்ணீர் கொதித்ததும் மாவைத் தூவிக் கிளறி, கெட்டியானதும் (மூன்று நிமிடம் இருக்கும்) தட்டில் ஊற்றினேன். மூன்று மணி நேரம் கழித்தும் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே கட்டி கட்டியாக மாவு, பச்சை வாடை வேறு. இரண்டாம் தடவை வேறு கடையில் மாவு வாங்கினேன். வாசனை அருமை, கட்டியும் இல்லை, ஆனால் கடைசிவரை கூழாகவே இருந்தது.

ஜிப்சம் மாதிரி ஏதாவது சேர்க்க வேண்டுமா? பொரிக்காமல் எப்படியெல்லாம் கொடுக்கலாம்?

---

மோல்மீன்_அடுப்படி

அக்கா, ஜிப்சம் எல்லாம் சோயா தோஃபுவுக்கு. அங்க பாலைத் திரிய வைக்கணும், அதனால உப்போ புளிப்போ வேணும். கடலை மாவுல அந்த வேலையே இல்லை. மாவுச்சத்து தண்ணியைக் குடிச்சு வெந்து, ஆறும்போது தானா இறுகும். அதனால மாவு, தண்ணி அளவு, வேகுற நேரம் மூணும் சரியா இருந்தாப் போதும். உங்களுக்கு மூணுலயுமே கோளாறு.

முதல்ல ரெண்டாவது கடை மாவு. "வாசனை அருமை"ன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் விஷயம். நம்ம பஜார்ல கடலை மாவு ரெண்டு விதம்: பச்சை மாவு, வறுத்த மாவு. வறுத்தது தோ (பர்மிய சாலட்) பிசையும்போது தூவ, மொய்ங்காவுல (மீன் குழம்பு நூடுல்ஸ்) கரைச்சு ஊத்த. ஏற்கெனவே சூடு பட்ட மாவு தடிக்கும், ஆனா வெட்டுற பதத்துக்கு இறுகாது. சந்தேகம்னா ஒரு சிட்டிகை நாக்குல வைங்க. பச்சை மாவு லேசாக் கசக்கும், வேகாத பருப்பு வாடை அடிக்கும். வறுத்தது பொட்டுக்கடலை மாதிரி இருக்கும், நிறமும் கொஞ்சம் மங்கல். அந்தப் பாக்கெட்டைக் கொட்டிடாதீங்க, பின்னால வேணும்.

அடுத்தது அளவு. கப் கணக்கு இதுக்கு ஆகாது. சலிச்ச மாவை மெல்லப் போட்டா 240 மில்லி கப்புல 95 கிராம்தான் நிக்கும், தட்டித் தட்டி நிரப்பினா 125 கிராமுக்கு மேல போகும். தண்ணி மட்டும் அதே 3 கப்புன்னா ஒரு நாள் இறுகும், ஒரு நாள் இறுகாது. தராசுல நிறுத்துப் போடுங்க. வீசைக் கணக்குல இது இன்னும் சுலபம்: 10 டிக்கல் மாவுக்கு 1 லிட்டர் தண்ணி. (10 டிக்கல்னா 163 கிராம், அதாவது மாவு மாதிரி ஆறு மடங்கு தண்ணி.) தோசைக்கல்லுல வாட்டறதா இருந்தா தண்ணியை 800 மில்லியாக் குறைங்க. உப்பு தட்டையா ஒரு டீஸ்பூன், மஞ்சள் கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. மஞ்சள் அதிகமானா கசப்பு தட்டும்.

இப்ப செய்முறை. கட்டி விழுந்ததுக்குக் காரணம் கொதிக்கிற தண்ணியில காய்ஞ்ச மாவைத் தூவினது. ஒவ்வொரு உருண்டையும் வெளியே வெந்து தோல் கட்டிக்கும், உள்ளே தண்ணியே போகாது, எவ்வளவு கிண்டினாலும் உடையாது. 1 லிட்டர்ல பாதியைப் பச்சைத் தண்ணியா எடுத்து மாவைக் கரைச்சு அரை மணி ஊற விட்டு, வடிகட்டுங்க. மீதிப் பாதியை உப்பு, மஞ்சள், ஒரு டீஸ்பூன் எண்ணெயோட கொதிக்க வைங்க. தீயைக் குறைச்சுட்டு, கரைசலை அடியோட ஒரு தடவை கலக்கி, ஒரு கையால நூல் மாதிரி ஊத்தி மறு கையால துழாவிட்டே இருங்க.

ரெண்டு மூணு நிமிஷத்துல திடீர்னு தடிக்கும். எல்லாரும் இறக்குறது அங்கதான். அப்ப அது தடிச்சிருக்கு, வேகலை! அதுக்கு அப்புறம்தான் 8 முதல் 10 நிமிஷம் சிறு தீயில கிண்டணும். முதல்ல சாந்து மாதிரி மங்கலா இருந்தது மெல்ல மெல்லப் பளபளக்கும், வெளிர் மஞ்சள் கொஞ்சம் அடர்ந்து வரும், கொப்புளம் 'ப்ளக் ப்ளக்'னு கனமா வெடிக்கும் (தெறிச்சா கையைப் பொத்துரும், நீளக் கரண்டி வைச்சுக்கோங்க). பதம் பார்க்க, ஈரம் பண்ணின சில்வர் தட்டுல ஒரு சொட்டு வைங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு நகத்தால ஓரத்தைத் தூக்கினா ஒரே வில்லையா உரிஞ்சு வரணும். இழுவினா இன்னும் ரெண்டு நிமிஷம் கிண்டுங்க.

இறக்கினதும் எண்ணெய் தடவின தட்டுல ஒரே மூச்சுல ஊத்தி, ஈரக் கரண்டியால மேலே தடவி விட்டுருங்க. ஆற ஆரம்பிச்ச அப்புறம் கிளறினா பிடிமானம் போயிரும், திரும்ப ஒட்டாது. சூட்டோட மூடி போடாதீங்க, வேர்த்து மேலே தண்ணி நிக்கும். மெல்லிய துணி போதும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி, ஒண்ணரை மணியில வெட்டலாம்.

கரி அடுப்புன்னா அடி கனமான சட்டி எடுங்க. அடியில பிடிச்சதைச் சுரண்டி மேலே கொண்டு வராதீங்க, தோஹு முழுக்கக் கருகல் வாடை ஏறிரும்.

---

இன்செயின்_வாசகர்

இவ்வளவு பாடு எதுக்கு? இரண்டு ஸ்பூன் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) போட்டால் கண்ணை மூடிக்கொண்டு இறுகுமே.

---

மோல்மீன்_அடுப்படி

இறுகும் அண்ணே, ரப்பர் மாதிரி. பல்லுல மாட்டும், தோவுல போட்டா புளித்தண்ணி உள்ளே இறங்காது. அது போக, அக்கா இதைக் கேட்கிறது பிள்ளைகளுக்குப் பருப்புச் சத்து போகட்டும்னு. கடலை மாவு 100 கிராமுல 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கு. 10 டிக்கல் மாவுத் தோஹுவை நாலு பேருக்குப் பங்கு வைச்சா ஆளுக்கு எட்டு ஒன்பது கிராம் வரும். சோள மாவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை.

---

தௌஞ்ஜி_தமிழன்

மேலே சொன்னது சரி. இன்னும் மெத்தென்று வேண்டுமானால் பழைய முறை ஒன்று உண்டு. மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அசைக்காமல் இரவு முழுக்க வைப்பார்கள். காலையில் அடியில் கெட்டியாக மண்டி தங்கியிருக்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். மேல்நீரில் கொஞ்சத்தை நீக்கிவிட்டு, மிச்சத்தை முதலில் காய்ச்சி, அது தடித்து வந்த பிறகு அடி மண்டியைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவார்கள். பச்சை வாடையும் நுரையும் அந்த மேல்நீரோடு போய்விடும். ஆனால் இது தௌஞ்ஜி மலைக் குளிருக்கு ஏற்ற வேலை. ரங்கூனில் சித்திரை வெயிலில் இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் புளித்திருக்கும். அங்கே இரண்டு மணி நேர ஊறல் போதும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பொரிக்காமல் கொடுக்க என்றால் முதலில் தோஹு நுவேயைச் சொல்வேன். இறுக வைக்க வேண்டியதே இல்லை. 10 டிக்கல் மாவுக்கு 1.3 லிட்டர் தண்ணீர், அதே பத்து நிமிடக் கிண்டல். வேகவைத்த அரிசி நூடுல்ஸ் மேல் இரண்டு கரண்டி சூடாக ஊற்றி, பூண்டு எண்ணெய் ஒரு டீஸ்பூன், இடித்த வேர்க்கடலை, வெங்காயத்தாள், பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய். சின்னப் பிள்ளைகளுக்கு மிளகாய் எண்ணெயை விட்டுவிடலாம். இதில் ஒரே தொல்லை, ஐந்து நிமிடம் சும்மா வைத்தால் மேலே ஏடு கட்டிக் கெட்டியாகும். இளக்க வேண்டுமானால் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி அடியுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் திப்பி திப்பியாகப் பிரிந்து நிற்கும்.

---

பெகு_கைமணம்

தோஹு தோ பற்றி யாரும் சொல்லவில்லையே. பொரிக்காமல் சாப்பிட அதைவிட வேறென்ன வேண்டும்?

நாலு பேருக்கு: இறுகிய தோஹு 400 கிராம், அரை சென்டிமீட்டர் கனத்தில் நீளத் துண்டுகள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. எலுமிச்சங்காய் அளவில் பாதி புளியை 60 மில்லி வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சோயா சாஸ் 2 டீஸ்பூன், நசுக்கிய பூண்டு 2 பல், பூண்டு எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், வறுத்து இடித்த மிளகாய் அரை டீஸ்பூன், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி, கொத்தமல்லித்தழை. கடைசியாக வறுத்த கடலை மாவு 1 டேபிள்ஸ்பூன். அக்கா வீட்டில் இருக்கிற அந்த இரண்டாவது பாக்கெட்டுக்கு இதுதான் வேலை. அது இல்லையென்றால் புளித்தண்ணீர் தோஹுவில் ஒட்டாமல் கிண்ணத்தின் அடியில் போய் நிற்கும், மாவு போட்டால்தான் எல்லாம் துண்டைப் பிடிக்கும். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

சாப்பிடும் நேரத்தில்தான் பிசைய வேண்டும். உப்பும் புளிப்பும் பட்டுக் கொஞ்ச நேரம் கழிந்தால் தோஹு தண்ணீர் விட்டுவிடும். பூண்டு எண்ணெய்க்கு, பூண்டைச் சீவிக் குளிர்ந்த எண்ணெயில் போட்டு சிறு தீயில் வையுங்கள். வெளிர்பொன் நிறம் வந்ததும் பூண்டை அரித்து எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் நிறம் ஏறும். சட்டியிலேயே சிவக்க விட்டால் எண்ணெய் முழுக்கக் கசக்கும்.

பிள்ளைகள் மொறுமொறுப்பு கேட்டால் தோசைக்கல். 800 மில்லி அளவில் கிண்டிய தோஹுவை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, துணியில் ஒற்றி, அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ஈரம் இருந்தால் கல்லில் ஒட்டும், எண்ணெய் தெறிக்கும். பத்துத் துண்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், நடுத்தரத் தீ, பக்கத்துக்கு நாலு நிமிடம். முதல் மூன்று நிமிடம் தொடவே கூடாது. அடி சிவந்ததும் தானாகக் கல்லை விட்டுவிடும், அதற்கு முன் தோண்டினால் மேல்தோல் கல்லோடு நின்றுவிடும்.

---

தாம்வே_அம்மா

பெரிய உபகாரம். மாவு விஷயம் இப்போதுதான் புரிகிறது, பாக்கெட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன், வறுத்ததேதான். இன்னும் இரண்டு சந்தேகம். கரண்ட் போய்ப் போய் வருகிறது, காலையில் கிண்டினால் சாயங்காலம் வரை தாங்குமா? டப்பாவில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து விடலாமா?

---

மோல்மீன்_அடுப்படி

வெளியே வைச்சா சாயங்காலம் வரைக்கும் வேண்டாம் அக்கா. தண்ணி நிறைஞ்ச பருப்புப் பண்டம், நம்ம வெயிலுக்கு சீக்கிரம் கெடும். நாலு மணி நேரத்துக்கு மேல வெளியே இருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க. கடும் வெயில் காலத்துல அதுவும் ஜாஸ்தி. ஆறினதும் மூடி ஃபிரிட்ஜுல வைச்சா ரெண்டு நாள் நல்லா இருக்கும். கரண்ட் போனாலும் கதவைத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம் குளிர் நிக்கும். வெட்டின துண்டைச் சுத்தி தெளிஞ்ச தண்ணி கசிஞ்சிருந்தா பயப்பட வேண்டாம், அது இயல்பு, ஒற்றி எடுத்தாப் போச்சு. தண்ணி கலங்கி வழவழன்னு இருந்தாலோ புளிச்ச வாடை வந்தாலோ யோசிக்காம கொட்டிருங்க. ஃபிரீசர்ல வைக்காதீங்க, உருகினா கடற்பஞ்சு மாதிரி ஆகித் தண்ணியாக் கொட்டும்.

கரண்டை நம்ப முடியாத நாள்ல மாவை மட்டும் ரெண்டு மணிக்கு ஊற வைச்சுருங்க. பிள்ளைங்க வர்றதுக்கு அரை மணி முன்னால கிண்டி நுவேயா ஊத்திக் கொடுங்க.

---

பெகு_கைமணம்

டப்பாவுக்கு தோ வேண்டாம். கல்லில் வாட்டிய துண்டுகளை முழுக்க ஆற விட்டு வையுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்துத் தொளதொளத்துவிடும். புளிச்சட்னியைத் தனிச் சின்ன டப்பாவில் கொடுங்கள்.

ஆனால் காலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது? பள்ளிக்கூட நாளில் பெப்யோ (முளைகட்டி வேகவைத்த பட்டாணி) சுலபம். காய்ந்த பட்டாணி 250 கிராம் காலையில் ஊற வைத்து, இரவு வடித்து ஈரத் துணியில் கட்டுங்கள். படுக்கும் முன் ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை அலசிவிட வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுத்து நாறும். முளை கண்ணுக்குத் தெரிந்தால் போதும், நீளவிட்டால் இனிப்புத் தட்டிக் குழையும். ஊற வைத்ததற்கு அடுத்த நாள் இரவு குக்கரில் முழுக வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் காலை வெங்காயம், மஞ்சள் தாளித்துப் புரட்ட ஐந்து நிமிடம். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமின் அழியும். பட்டாணி பழசாக இருந்து வேகவே மாட்டேன் என்றால் மட்டும் ஒரு சிட்டிகை.

---

தௌஞ்ஜி_தமிழன்

அந்தப் பெப்யோவில் ஒரு கரண்டியை தோஹு நுவே மேல் போட்டுப் பாருங்கள் அக்கா. எந்தக் கடையிலும் அப்படித் தர மாட்டார்கள், ஆனால் நன்றாக இருக்கும்.