மாமரத் தண்டில் கண்ட பெரிய வண்டு எந்த இனம்?

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள எங்கள் தோப்பில், வயதான பெங்களூரா மா ஒன்றின் அடித்தண்டில் ஒரு பெரிய வண்டைக் கண்டேன். சாம்பல் நிற உடல். தலைக்குப் பின்னால், முதுகின் முன்பகுதியில் பிறை வடிவில் இரண்டு ஆரஞ்சு நிறத் திட்டுகள். உடலைவிட நீண்ட உணர்கொம்புகள். கையில் எடுத்தபோது கிறீச்சென்று ஒலி எழுப்பியது. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு மாமரத்திற்கும் வந்துவிட்டதா?

பூச்சிநோக்கர்:
காண்டாமிருக வண்டு கருநிறமானது. அதன் கொம்பு தலையின் மேல் இருக்கும், உணர்கொம்புகளோ மிகக் குட்டையானவை. நீங்கள் கண்டது நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த மாத்தண்டு துளைப்பான் என்றே தோன்றுகிறது. 1775இல் சுவீடன் நாட்டு அறிஞர் டி கீர் முதலில் விவரித்த இதன் அறிவியல் பெயர் பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா. இதே பேரினத்தின் வேறு இனங்களும் மாமரத்திற்கு வருவதால், முதுகுப்புறம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றை இட்டால் உறுதிசெய்யலாம். மார்புக் கண்டங்களை ஒன்றோடொன்று உரசியே அது அந்த ஒலியை எழுப்புகிறது. அச்சம் வேண்டாம், ஆனால் தாடைகள் வலியவை.

தோட்டக்கலை:
வண்டைக் கொல்வதோடு நின்றுவிடாதீர்கள். பட்டையில் கீறி முட்டையிடுவது வண்டு என்றாலும், தண்டுக்குள் மாதக்கணக்கில் குடைந்து மரத்தைச் சாகடிப்பது அதன் புழுதான். துளைகளிலிருந்து சாறு வடிகிறதா, அடிமரத்தில் மரத்தூள் உதிர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். தூள் நூலாம்படைபோல் பின்னப்பட்டுப் பட்டையின் மேலேயே ஒட்டியிருந்தால் அது பட்டை தின்னும் புழுவின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

மாந்தோப்பு:
தூள் தளர்வாகத் தரையில் கிடக்கிறது. ஒரு கிளையும் வாடியுள்ளது. பழைய கையேடு ஒன்றில், டைகுளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லியில் நனைத்த பஞ்சைத் துளையில் அடைக்குமாறு எழுதியிருக்கிறார்கள். அவ்வாறு செய்யலாமா?

தோட்டக்கலை:
கூடாது. அந்த மருந்து 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஈரமான புதுத்தூள் வரும் துளையில்தான் புழு உயிரோடு இருக்கும். முனை வளைத்த கம்பியை அதற்குள் செலுத்திப் புழுவை இழுத்தெடுத்தபின், துளையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். சில நாட்களில் மீண்டும் தூள் தள்ளினால் உள்ளே இன்னொரு புழு இருக்கிறது என்று பொருள். வாடிய கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். விறகாக அடுக்கி வைத்தால் உள்ளிருக்கும் புழு அதிலேயே வளர்ந்து வண்டாக வெளிவரக்கூடும். அருகில் இலவ மரமோ அத்தி மரமோ இருந்தால் அவற்றையும் சோதியுங்கள், அவையும் இவ்வண்டுக்கு உகந்தவை.