வெட்டுப் பாதையைக் கதவின் விளிம்புக்கு வெளியே தொடங்கி முடிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மரப்பட்டறையின் சிஎன்சி ரவுட்டரில் (கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரம்), 18 மி.மீ. பிளைவுட்டிலிருந்து அலமாரிக் கதவுகளை 6 மி.மீ. எண்ட்மில் (சுழன்று வெட்டும் பிட்) கொண்டு வெட்டி எடுக்கிறோம். விளிம்புக் கோட்டின் மீதே பிட் நேராக இறங்கி, சுற்றி வந்து, அதே புள்ளியில் மேலெழுவதால், அங்கே சிறு பள்ளமும் கருகிய தடமும் விழுகின்றன. உப்புத்தாளால் தேய்த்தாலும் வார்னிஷ் அடித்தபின் அவை தெரிந்துவிடுகின்றன.

பலகையின் ஓரம்வரை ஓடும் காடிகளில் இத்தொல்லை இல்லை. வெட்டுக்கோட்டை இரு முனைகளிலும் பிட்டின் ஆரமான 3 மி.மீ.க்குச் சற்று மிகையாக நீட்டி, காற்றிலேயே இறக்கிக் காற்றிலேயே தூக்கிவிடுகிறேன். மூடிய வெளிக்கோட்டில்தான் சிக்கல். வெட்டுப் பாதையை வகுக்கும் விகார்வ் மென்பொருளில், பிட் நுழையும், வெளியேறும் வழியை அமைக்கும் லீட்ஸ் பகுதியில் 5 மி.மீ. ஆரமுள்ள வில்லாக நுழைந்து, தொடங்கிய இடத்தை 2 மி.மீ. கடந்தபின் வெளியேறும்படி அமைத்ததில், தனியாக வெட்டிய கதவில் தடம் மறைந்தது. ஆனால் கதவுகளை 10 மி.மீ. இடைவெளியில் அடுக்கினால், வில்லின் தொடக்கத்தில் பிட்டின் மையம் விளிம்பிலிருந்து 8 மி.மீ. (பிட்டின் ஆரம் 3 + வில்லின் ஆரம் 5) தள்ளி நிற்பதால், அதன் மறுபக்கம் 11 மி.மீ.யை எட்டி அடுத்த கதவை 1 மி.மீ. கடித்துவிடுகிறது.

இடைவெளியைக் கூட்டினால் பிளைவுட் வீணாகும் (இன்றைய விலையில் மனம் வரவில்லை). வில்லின் ஆரத்தை 3 மி.மீ.யாகக் குறைத்துச் சாய்வாக இறக்குவது போதுமா? அல்லது மூலையில் தொடங்கி, விளிம்பின் நேர்கோட்டையே கதவுகளுக்கு இடைப்பட்ட சந்துக்குள் நீட்டி நுழைவது நல்லதா? அப்படிச் செய்தால் மூலையில் சிம்பு பெயருமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.