தேவ சமுகத்தில் இருந்தவர் மாறியிருக்கிறார் என்பதை எதனால் அறிவது?

கேள்வி (வாலிபர் வேதபாடம் நடத்துபவர்):
எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தைப் படித்தபோது, ஒரு தம்பி எழுப்பிய கேள்விக்கு அவசரமாக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆராதனையில் உள்ளம் உருகி, கண்ணீர் வடித்து, தேவ பிரசன்னத்தை உணர்ந்தோம் என்று சாட்சி சொல்கிறோம். ஆனால் வீட்டிலும் வேலையிடத்திலும் பழைய குணமே மறுபடியும் தலைதூக்குமானால், நாம் மெய்யாகவே தேவ சமுகத்தில் இருந்தோமா என்று அவன் கேட்கிறான். வசன ஆதாரத்தோடு விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற போதகர்):
சகோதரரே, நீங்கள் படித்த அதிகாரமே இதற்கு விடை தருகிறது. சீனாய் மலையில் இரவும் பகலும் 40 நாள் கர்த்தரோடு இருந்துவிட்டு இறங்கிய மோசே, தம் முகம் பிரகாசித்ததை அறியாதிருந்தார் என்று 29ஆம் வசனம் சொல்கிறது. அதைக் கண்டவர்கள் ஆரோனும் ஜனங்களும்தான். ஆகவே உள்ளத்துப் பரவசத்தை அளவுகோலாக வைப்பது வேதம் காட்டும் வழியன்று.

அதைவிட ஆழமான மாற்றம் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய பாவத்துக்குப்பின் மன்றாடியபோது, 32ஆம் அதிகாரத்தில், அது ஜனங்கள் செய்த பாவம் என்றே மோசே பேசினார். கர்த்தர் தம்மை இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவராக வெளிப்படுத்தி அவருக்கு முன்பாகக் கடந்துபோனபின், 34:9இல் எங்கள் அக்கிரமத்தை மன்னியும் என்று, கன்றுக்குட்டியில் எந்தப் பங்கும் இல்லாத தம்மையும் சேர்த்துக்கொண்டு கெஞ்சுகிறார். தேவனுக்கு அருகில் சென்றவர் பாவிகளுக்கும் அருகில் வந்துவிட்டார். என் ஊழிய நாட்களில் என்னை மிகவும் அசைத்த பகுதி இது.

மறுமொழி (சபை மூப்பர்):
போதகர் ஐயா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். எனினும் எண்ணாகமம் 20ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். முகம் பிரகாசித்த அதே மோசேதான், பல ஆண்டுகளுக்குப்பின் மேரிபாவில் ஜனங்களைக் கடிந்துகொண்டு, பேசும்படி மட்டுமே கர்த்தர் சொல்லியிருந்த கன்மலையை இரண்டுதரம் அடித்து, கானானுக்குள் பிரவேசிக்கும் பாக்கியத்தை இழந்தார். சீனாயில் அவர் பெற்றது பொய்யாகிவிடவில்லை. விசுவாசிகள் மகிமையின்மேல் மகிமையடைந்து மறுரூபமாகிறார்கள் என்று பவுலும் 2 கொரிந்தியர் 3:18இல் படிப்படியான வளர்ச்சியையே சொல்கிறார். ஆதலால் அந்தத் தம்பியிடம், நீ தேவ சமுகத்தில் இருக்கவேயில்லை என்று தயவுசெய்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மறுமொழி (கத்தோலிக்க வாசகி):
எங்கள் மரபிலிருந்து ஒருவரை நினைவுகூர விரும்புகிறேன். போர்வீரராக இருந்து, பின் பாரிஸ் நகரின் கார்மேல் துறவு மடத்தில் சேர்ந்து, 1691இல் மறைந்த லாரன்ஸ் சகோதரருக்கு அங்கே கிடைத்தது, அவருக்குச் சிறிதும் பிடிக்காத சமையற்கட்டுப் பணி. செபவேளைக்கும் வேலைவேளைக்கும் வேறுபாடு இல்லாதபடி இறைபிரசன்னத்தில் வாழ அங்கேதான் அவர் பழகினார். முதல் பத்து ஆண்டுகள் தாம் விரும்பிய அளவுக்கு இறைவனுக்கு உரியவராக இல்லையே என்று மிகவும் வேதனைப்பட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தத் தம்பியின் வேதனையும் இறைவன் அவனைத் தொட்டதற்கு அடையாளமாக இருக்கலாம் அல்லவா?

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அடுத்த கூடுகையில் யாத்திராகமம் 32 முதல் 34 வரையும், அதன்பின் எண்ணாகமம் 20ஐயும் சேர்த்துப் படிக்கிறோம். போதகர் ஐயா, மோசே ஜனங்களிடம் பேசி முடித்தபின் முக்காடு போட்டுக்கொண்டதையும், கர்த்தருடைய சந்நிதியில் அதை எடுத்துப்போட்டதையும் பற்றி நேரம் கிடைக்கும்போது எழுதுவீர்களா?